எந்த வீட்டுச் சாவு

ஊர்க் கோயிலில் பங்குனி நோம்பித் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பூபதி என் வீட்டுக்கு வந்தான். நான் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அனுராதா இறந்த பிறகு அவன் வருவது அதுதான் முதல் தடவை. ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தான். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து மிளகிலிருந்து காம்புகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அனுராதா என் மனைவி. அவனுக்குத் தங்கை. அவனும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. நான் நாமக்கல்லில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மலைக்கே வாத்தியாராகத் திரும்பினேன். அவன் லாரிக்குக் கிளீனராகப் போய், டிரைவராகி, ஒரு பழைய ஜீப்போடு மலையேறினான். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றான். நான் மாறவில்லை.

"நோம்பியன்னிக்கு ஊர்க்கூட்டத்துக்கு வரணுங்க மாப்ள. வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்னன்னு?"

"அனு செத்தது எங்கூட்டுச் சாவுன்னு."

அவன் முகத்தைப் பார்த்தேன். குடித்திருக்கவில்லை.

இதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய பங்குனியிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் பூபதியின் ஊர் மலை ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் ஊர் அதைத் தாண்டி இன்னும் மேலே. அவர்கள் ஊருக்கு ஆறுமுகசாமி ஊர்க்கவுண்டர். வயதாகிவிட்டது, பிள்ளை இல்லை. அவர் விலகிக்கொண்டு பட்டத்தைப் பங்காளிகளில் ஒருவருக்குக் கட்ட வேண்டும். மூத்த வழியில் மாதேஸ்வரன் இருந்தான். இளைய வழியில் பூபதி. பட்டத்தால் வருமானம் எதுவும் கிடையாது. கோயிலில் பரிவட்டம், முதல் படையல், ஊர்க்கூட்டத்தில் கல்லின் மேல் உட்காரும் உரிமை. அவ்வளவுதான். ஆனால் பூபதியின் அப்பா ஒருமுறை அந்தக் கல்லுக்கு முன்னால் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயில் தாழும்வரை நின்றிருக்கிறார். அடுத்தவன் காட்டில் மாடு மேய்ந்த வழக்கு. உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். லாரியில் எத்தனை ஊருக்குப் போனாலும் அண்ணன் மனசு அந்தக் கல்லைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்று அனுராதா சொல்வாள்.

அந்த மாசியில் கோயில் சோலையில் ஒரு மரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்தச் சோலையில் விறகு பொறுக்கக்கூட யாரும் நுழைவதில்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. மரம் லாரி ஏறிவிட்டது. வெட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. நோம்பிக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது பூபதி எழுந்து, மாதேஸ்வரன் கோடாலியோடு சோலைக்குள் நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னான். மாதேஸ்வரன் மறுத்தான். ஆறுமுகசாமி சத்தியம் கேட்டார்.

உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, சாமிக்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையை மூடி அணைக்க வேண்டும். பூபதி அணைத்தான்.

"பெரியசாமி அறிய, மாதேஸ்வரன மரத்தடியில என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

நான் மாப்பிள்ளை முறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அனுராதா எழுந்து போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த ஒரு பெண், "வாத்தியாரே, பாடஞ் சொல்லிக் குடுத்தது போதும், மாங்கா தேடுங்க" என்று சிரித்துக்கொண்டு போனாள். சித்திரையில் அவள் சொன்னது சரியாயிற்று. அதனால் நான் அந்த வாந்திக்கு வேறு காரணம் தேடவில்லை.

கற்பூரம் அணைத்தவனுக்கு அந்த நோம்பியிலிருந்து அடுத்த நோம்பிவரை கெடு. அதற்குள் அவன் வீட்டில் சாவு விழக் கூடாது. மனிதர், மாடு, எதுவானாலும். விழாவிட்டால் அவன் சொன்னது சாமி வாக்கு; பட்டமும் அந்த நோம்பியிலேயே பூபதிக்கு. விழுந்தால் சொன்னது பொய். மாதேஸ்வரனுக்கு அந்தக் கெடுகூட இல்லை. அன்று மாலையே ஊரில் அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் நின்றுபோயின. பெண்டாட்டி கண்ணாயியை அழைத்துக்கொண்டு மலையிறங்கி, சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

அந்த வருடம் முழுக்கப் பூபதி தன் வீட்டுக்குக் காவல் இருந்தான். அம்மா பழனாயி ஒரு தடவை இருமினால் மாத்திரை வாங்கி வந்தான். பரண் ஏறாதே, கிணற்றடிக்குப் போகாதே என்றான். பஸ்ஸில் ஆட்கள் கிண்டல் செய்தார்கள்.

"ஏனுங்க பூபதி, உங்கூட்டுக் கோழிக்குச் சளியாமா? ஜீப்புல ஏத்துங்க, நாமக்கல்ல ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம்."

அவனும் சிரிப்பான்.

ஆவணியில் அவர்கள் வீட்டுச் சிவப்புப் பசு தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டது. மாட்டு டாக்டர் தேறாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ஒரு வேன் பிடித்துக் கீழே கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தான். மறுநாளே அது செத்துப்போனதாகத் தகவல் வந்தது. இதைக் கணக்கில் சேர்ப்பதா என்று ஊரில் பேச்சு நடந்தது. ஆறுமுகசாமி யோசித்துச் சொன்னார்: வித்தாச்சுன்னா அது வாங்கினவன் ஊட்டு மாடு.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு நல்ல வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒன்பதாம் மாதம் ஆகியும் பூபதி வரவில்லை. ரோடு சரியில்லை, ஓடு ஒழுகுது, அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லி அனுப்பினான். அனுராதா ஒரு நாள் சாமை புடைத்துக்கொண்டே, "அண்ணன் கூப்புடாம நான் அங்க போகலீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். முறத்தைத் தட்டினாள். நானும் விட்டுவிட்டேன்.

கடைசியில் பழனாயி அத்தையே பஸ் ஏறி வந்தார். "அவன் கெடக்கறான். ஊர்ல இல்லாத கூத்தா? எம்புள்ள எங்கூட்டுலதான் பெத்துக்கும்" என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அனுராதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய்விட்டு வா என்று தலையசைத்தேன்.

கார்த்திகையில் விடாத தூறல். எங்கள் பள்ளிக்கூடம் அவர்கள் ஊருக்குக் கீழே, மலை ரோட்டிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு வேர், தண்டு நடத்திக்கொண்டிருந்தேன். ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. பின்னால் அனுராதா படுத்திருந்தாள். மருத்துவச்சி பாப்பாயி துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்றார். ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் இடம் இல்லாததால் அத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பூபதி ஹாரனை அழுத்திக்கொண்டே திருப்பினான். அனுராதா என் விரலைப் பிடித்திருந்தாள். ஒரு வளைவில் கண் திறந்து, "அண்ணன் மேல கோவிச்சுக்காதீங்க" என்றாள். அழைத்துப் போக வராததைச் சொல்கிறாள் என்று நினைத்து, இல்லை என்றேன். பாதி மலை இறங்குவதற்குள் பிடி தளர்ந்தது. பாப்பாயி, "வண்டிய நிறுத்து சாமி" என்றார். அவன் அடுத்த வளைவுவரை போய்த்தான் நிறுத்தினான். ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

மேலே வரும் வழியில்தான் அவர்கள் வீடு. அத்தை கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். ஜீப் இவ்வளவு சீக்கிரம் திரும்புவதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கைகளையும் நீட்டினார். பூபதி கியரைக் குறைத்தான். வண்டி மெதுவானது. அத்தையின் கை கதவைத் தொடும் தூரம் வந்துவிட்டது. அப்போது அவன் மறுபடி கியரைக் கூட்டினான்.

அத்தை கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தார். கோணிப்பை நழுவி விழுந்தது. அப்புறம் பனிதான் தெரிந்தது. பாப்பாயி என்னைப் பார்த்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு வண்டி ஒரு வீட்டைத் தாண்டிப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஜீப் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றது. சாயங்காலமே அடக்கம் செய்தோம். அத்தை நடந்தே வந்துசேர்ந்தபோது குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் மகனைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவனோடு பேசவும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தப் பூபதிதான் என் வாசலில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஏன் என்று கேட்டேன். சொன்னான். மாதேஸ்வரனைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தானே, மரம் வெட்டிய அந்த நாளில் பூபதி சோலைப் பக்கமே போகவில்லை. காய்ச்சலோடு என் வீட்டில் படுத்திருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அனுராதா கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். அண்ணன் வந்து போனதாக அவள் என்னிடம் சொல்லியிருப்பாள். எனக்கு நினைவில்லை.

சத்தியம் முடிந்த அன்றே அவள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். பட்டம் கட்டியதும் தானே போய் மாதேஸ்வரனைக் கூட்டிவந்து விடுவதாகச் சொன்னானாம். அதுவரை வாயைத் திறக்காதே, திறந்தால் அம்மா ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்றானாம். அவள் திறக்கவில்லை. என்னிடமும்.

"உங்கூட்டு வாசல்ல கொண்டுவந்து எறக்குனா சாமி ஏமாந்துருமுன்னு நெனச்சேன்" என்றான். "அந்த மாடு மாதிரி. சாமி ஏமாறலீங்க மாப்ள. ஊர்தான் ஏமாந்துருச்சு."

"அவ ரத்தம் நிக்காம செத்தா மச்சான். நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சிருச்சு. கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாப் பொழச்சிருப்பா."

"ஏன் நிக்கல?"

படித்தவன் நான். பாடத்தில் இருக்கும் பதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"நீயே கூட்டத்துல சொல்லு."

"ஆறுமுகசாமிகிட்டப் போய்ச் சொல்லிட்டனுங்க. தங்கச்சி போன துக்கத்துல பெனாத்தறேங்கறார். கற்பூரம் அணைச்சவன் பேச்ச அவனே திருப்பிக்க முடியாதாம். சாமிதான் திருப்பணுமாம். சாமி திருப்புச்சு, அத எண்ண மாட்டேங்கறாங்க." அவன் பொறுக்கிய காம்புகளைக் கையிலேயே வைத்திருந்தான். "பிரசவத்துக்கு வந்தவ எங்கூட்டுச் சோறு தின்னுட்டு எங்கூட்டுல இருந்து கெளம்புனா. புருசன் நீங்க சொன்னா எண்ணித்தான் ஆகணும்."

அப்படி எண்ணினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். பூபதிக்குப் பட்டம் கிடைக்காது, நெருப்பும் தண்ணீரும் நின்றுவிடும். மாதேஸ்வரன் வீட்டுக்கு வருவான். பூபதி அதைத்தான் கேட்டான். ஆனால் அதற்கு, அனுராதா ஒரு பொய்க்குத் தண்டமாகச் செத்தாள் என்று நான் ஊர் நடுவில் சொல்ல வேண்டும். அவள் ரத்தம் என் வேட்டியில் இருந்தது. அந்த வேட்டியை நான் இன்னும் துவைக்கவில்லை.

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுந்து போகும்போது காம்புகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நோம்பியன்று கோயில் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. கொட்டுக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். சாமைப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. அத்தை பெண்களோடு சேராமல் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது.

ஆறுமுகசாமி வழக்கப்படி கேட்டார்: கற்பூரம் அணைத்தவன் வீட்டில் இந்த நோம்பிக்குள் ஏதாவது விழுந்ததா? பூபதி எழுந்தான்.

"விழுந்துச்சுங்க. எந் தங்கச்சி."

கூட்டத்தில் சலசலப்பு. ஆறுமுகசாமி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "கட்டிக் குடுத்தாச்சுன்னா கட்டுனவன் ஊட்டுப் பொண்ணு, கண்ணு. செத்தது வழியில. பொதச்சது அவுங்க காட்டுல."

"மாப்ளயக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறுமுகசாமி கல்லில் இருந்தபடியே கையைக் காதருகே வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க வாத்தியாரே. அது எந்த ஊட்டுச் சாவு?"

அந்த நிமிடம்வரை நான் ஒரு பதிலும் தயார் செய்திருக்கவில்லை. பூபதி கைகட்டி நின்றான். அவன் அப்பா நின்ற இடமாக இருக்கலாம். அனுராதாவை எந்தப் பக்கம் வைத்தாலும் அவள் ஏதோ ஒன்றுக்குக் கணக்காகிவிடுவாள் என்று தோன்றியது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"அவ ரத்தம் போய்ச் செத்தாங்க. அது எந்த ஊட்டுச் சாவுன்னு எனக்குத் தெரியல. ஆனா பூபதி சொல்றது நெசம். மரம் வெட்டுன அன்னிக்கு அவரு சோலைக்குப் போகல. எங்கூட்டுல காய்ச்சலாப் படுத்திருந்தாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

"அப்ப பாத்தது யாரு?"

"அனுராதா."

கொட்டுக்காரர்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். ஆறுமுகசாமி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் பூபதியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாதேஸ்வரன் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்காதவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவன் மாதேஸ்வரனின் காட்டை உழுதுவந்தான். மாதேஸ்வரன் வீட்டு வாசலில் ஒருத்தி எருமை கட்டியிருந்தாள். பூபதி பொய் சொன்னான் என்றால் இவர்கள் எல்லோரும் இனி என்ன செய்வது?

"செத்தவ சாட்சிய நாம எண்ண முடியாதுங்க" என்றார் ஆறுமுகசாமி. "வாத்தியாரு பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு. இவன் தங்கச்சியப் பறிகொடுத்தவன். துக்கம் ரெண்டு பேரையும் பேச வெக்குது. சாமி பேசிருச்சு. பரிவட்டத்தக் கொண்டாங்க."

கூட்டம் மூச்சு விட்டது. நாலு பேர் பூபதியின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுபோனார்கள். வேண்டாம் என்று கையை உயர்த்தினான். ஆசி கேட்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, கையை மடக்கிக் கும்பிட வைத்தார்கள். கொட்டு ஆரம்பித்தது. அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. துணியை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார்கள். கல்லில் உட்கார வைத்தார்கள். அவன் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கல்.

புதுக் கவுண்டருக்கு அவனைப் பெற்றவள்தான் முதல் பிடிப் பொங்கலைக் கொடுக்க வேண்டும். அத்தையை அழைத்தார்கள். அவர் எழுந்து வந்து, இலையில் ஒரு பிடி வைத்து, கல்லுக்குக் கீழே மண்ணில் வைத்தார். அவன் நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு அவர் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பஸ்ஸு எப்ப வரும் மாப்ள?"

அவர்கள் வீட்டு முன்னால்தான் பஸ் நிற்கும். அன்று கார்த்திகையில் நின்ற அதே இடத்தில் அத்தை நின்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன். எங்கே என்று கேட்கவில்லை. கோயில் பக்கமிருந்து ஜீப் வந்தது. பரிவட்டம் கட்டியவன் பொழுது சாயும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. தலையில் அந்தத் துணியோடுதான் பூபதி ஓட்டி வந்தான். அத்தைக்கு நேராக ரோட்டிலேயே நிறுத்தினான்.

"ஏறும்மா. ஊட்டுக்குப் போலாம்."

அத்தை நாலு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"ஊட்டுல சாவு உளுகக் கூடாதுன்னுதான அன்னிக்கு நிறுத்தாமப் போன. உம் பட்டத்துக்கு ஒரு கொறையும் வர வேண்டாம் சாமி. நான் மாப்ள ஊட்டுல போய்ச் செத்துக்கறேன்."

பூபதி என்னைப் பார்த்தான். நான் சொல்ல இன்னும் ஒரு வார்த்தை மிச்சம் இருப்பதுபோலப் பார்த்தான். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பஸ் வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. பூபதி அசையவில்லை. மறுபடி அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பரிவட்டத்தைக் கண்டதும் குரலை மாற்றிக்கொண்டார்.

"கவுண்டரே, வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

அவன் ஓரங்கட்டினான். நாங்கள் ஏறிக்கொண்டோம்.